நேரக்கணிப்பாளரை ஆறு தரம் ஏமாற்றியது எப்படி

பெப்ரவரி 1, சனி

அறிவித்தல்.

சீனாவைப் பிறப்பிடமாகவும், ஸ்காபரோவில் ஓர் அடுக்குமாடியின் ஒன்பதாம் மாடியை வதிவிடமாகவும் கொண்ட எங்கள் டோஸ்டர், இன்று காலை ஏழு மணி மூன்று நிமிடத்துக்குக் கருகிக் காலமானார். அன்னார் காலஞ்சென்ற பழைய டோஸ்டரின் ஏக வாரிசும், கேத்திலின் பாசமிகு சகோதரரும், ஆயிரக்கணக்கான பாண் துண்டுகளின் உற்ற தோழருமாவார். இவ்வறிவித்தலை உற்றார், உறவினர், பட்டர், ஜாம் அனைவரும் ஏற்றுக்கொள்ளவும்.

மரணத்துக்குக் காரணம் தொலைபேசி. தினமும் காலை சரியாக ஏழு மணிக்குப் பருத்தித்துறையிலிருந்து அழைப்பு வரும். அம்மா போனைத் தூக்கிக்கொண்டு யன்னலடிக்குப் போய்விடுவார். பாண் என்ன, ஒன்பதாம் மாடியே எரிந்தாலும் திரும்பிப் பார்க்க மாட்டார்.

அழைப்பவர் தவயோகன். அம்மாவின் கணவர். போன ஆவணியில் கட்டினார்கள். பருத்தித்துறை பஸ் நிலையத்தில் நேரக்கணிப்பாளர்: எந்த பஸ் எத்தனை மணிக்கு வந்தது, எத்தனை மணிக்குப் போனது, ஏன் பிந்தியது என்று பெரிய புத்தகத்தில் எழுதுவதுதான் வேலை. இருபத்திரண்டு வருடமாக இதைத்தான் செய்கிறார். நாற்பத்தாறு வயதுவரை கல்யாணத்துக்கு மட்டும் நேரம் பார்க்கவில்லை போலிருக்கிறது.

அவர் இங்கே வந்து சேர அம்மா ஸ்பொன்சர் செய்திருக்கிறார். ஸ்பொன்சர் என்றால் கிரிக்கெட் சட்டையில் பெயர் போடுவது என்று நினைத்திருந்தேன். இல்லையாம். இந்த மனிதர் என் கணவர், உண்மையாகவே கணவர், விசாவுக்காகக் கட்டியவர் அல்லர் என்று இந்த நாட்டுக்கு நிரூபிக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் நிரந்தர வதிவிடம். ஐப்பசியில் அனுப்பிய விண்ணப்பம், இன்னும் பதில் இல்லை.

இந்தப் புத்தகத்தை ஏன் தமிழில் எழுதுகிறேன்? ஆங்கிலத்தில் எழுதினால் தங்கை மிதுலா வாசிப்பாள் (ஒன்பது வயது, ஒற்றர் படை). தமிழில் எழுதினால் அம்மா வாசிக்கலாம், ஆனால் அம்மாவுக்கு முதியோர் இல்லச் சமையலறையில் இரண்டு ஷிஃப்ட். ஆகவே தமிழ் பத்திரமானது.

அப்பா செத்து ஆறு வருடம். அதைப்பற்றி இங்கே எழுதுவதில்லை என்பது இந்தப் புத்தகத்தின் சட்டம்.

பெப்ரவரி 3, திங்கள்

கல்யாணப் படங்கள் மொத்தம் ஏழு. ஏழும் பெரியம்மாவின் போனில் எடுத்தவை. பெண்ணுக்கு இரண்டாம் கல்யாணமென்றால் எங்கள் ஊரில் மேளமும் இல்லை, படக்காரரும் இல்லை. விடிய ஆறு மணிக்குப் பிள்ளையார் கோயிலில் ஒன்பது பேர், அதிலும் இரண்டு பேர் ஐயர்மார். ஊர் எழும்ப முதல் தாலி கட்டி, ஊர் பல் தீட்டும்போது நாங்கள் இட்லி சாப்பிட்டாயிற்று.

அந்த ஏழு படத்திலும் நான் இருக்கிறேன். ஒன்றில் மாறுகண். ஒன்றில் மாப்பிள்ளையின் தலைக்குப் பின்னால் இரண்டு விரல் கொம்பு. ஒன்றில் என் முகத்துக்கு முன்னால் வாழைப்பழம். இன்னொன்றில் முதுகு மட்டும். கலைஞன் ஒருபோதும் ஒரே மாதிரி இரண்டு தரம் செய்ய மாட்டான்.

பெப்ரவரி 8, சனி

வெற்றி ஒன்று.

நண்பன் ஜெரோமின் போனிலிருந்து அழைத்தேன். மூக்கைப் பிடித்துக்கொண்டு, கனடா அலுவலகத்தின் மொழிபெயர்ப்பாளர் பேசுகிறேன், தங்களிடம் சில கேள்விகள் என்றேன். அந்தப் பக்கம் கதிரை பின்னால் தள்ளுப்படும் சத்தம் கேட்டது. மனுஷன் எழும்பி நின்றுவிட்டார்!

இருபத்தாறு கேள்வி கேட்டேன். மனைவி எங்கே வேலை, வீட்டில் எத்தனை அறை, முதன்முதலில் எங்கே சந்தித்தீர்கள். ஒவ்வொன்றுக்கும் "ஓம் சேர்" என்று தொடங்கிப் பதில் சொன்னார். கடைசியில், மனைவியின் மகனைப்பற்றி உங்கள் கருத்து என்ன என்றேன்.

"கெட்டிக்காரன் சேர்," என்றார். "கொஞ்சம் குழப்படி."

மிதுலா கதவுக்குப் பின்னால் வாயைப் பொத்திக்கொண்டு உருண்டாள்.

பெப்ரவரி 10, திங்கள்

வெற்றி இரண்டு. எங்கள் வீட்டில் ஒரு நாய் இருப்பதாகவும் அதன் பெயர் வீமன் என்றும் சொல்லிவிட்டேன். இந்த அடுக்குமாடியில் நாய்க்கு அனுமதியே இல்லை.

பெப்ரவரி 11, செவ்வாய்

இன்று அழைத்தபோது முதல் கேள்வி: "தம்பி, வீமன் சாப்பிட்டுதோ?"

பாலை மூக்கால் விட்டேன்.

பெப்ரவரி 22, சனி

வெற்றி மூன்று. அம்மாவுக்கு நெத்தலிக் கருவாடென்றால் உயிர், வெட்கத்தில் கேட்க மாட்டார் என்று ரகசியமாகச் சொன்னேன். உண்மையில் கருவாட்டு மணம் வந்தால் அம்மா பஸ்ஸைவிட்டே இறங்கிவிடுவார்.

அவர், நல்லது தம்பி, சொன்னது நல்லது என்றார்.

அவரை நான் எப்படி அழைப்பதென்று இன்னும் தீர்க்கவில்லை. சித்தப்பா என்று கூப்பிடச் சொல்லி அம்மா. மிதுலா முதல் நாளே கூப்பிட்டுவிட்டாள், அவளுக்குச் சொக்கிலேற் அனுப்பினால் தபால்காரரையும் கூப்பிடுவாள். நான் "ஹலோ" என்று தொடங்குவேன், "சரி" என்று முடிப்பேன். இடையில் பெயர் தேவைப்படாமல் வசனம் அமைப்பது ஒரு கலை.

மார்ச் 1, சனி

வெற்றி நான்கு. கனடாவுக்கு வரும் ஆண்களுக்கு விமான நிலையத்தில் பனி தள்ளும் சோதனை உண்டு, தோற்றால் அடுத்த விமானத்தில் திருப்பி அனுப்புவார்கள் என்றேன். இன்று வீடியோ வந்திருக்கிறது. பருத்தித்துறைக் கடற்கரையில், சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, மனுஷன் சவளால் மணல் தள்ளுகிறார். பின்னால் இரண்டு மீன்காரர் வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறார்கள்.

பதினான்கு தரம் பார்த்தேன். தொழில்நுட்பக் காரணங்களுக்காக.

மார்ச் 9, ஞாயிறு

வெற்றி ஐந்து. இதுதான் மகுடம்.

இன்று இங்கே மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளும் நாள். பின்னுக்குத் தள்ளுகிறோம் என்று சொல்லியிருந்தேன். இரண்டு மணித்தியாலம் பிசகி, ஒன்பது மணிக்குத்தான் அழைத்தார்! இருபத்திரண்டு வருடமாக நேரம் பதிகிற மனுஷனை நேரத்திலேயே ஏமாற்றினேன். மீனுக்கே நீச்சலில் தண்ணி காட்டிய முதல் ஆள் நான்தான்.

தவிர, வீடு முழுக்க ஒன்பது மணிவரை நித்திரை கொண்டது. அம்மா எழும்பியபோது முகத்தில் தலையணை மடிப்பு இருந்தது. கனகாலத்துக்குப் பிறகு பார்க்கிறேன்.

மார்ச் 16, ஞாயிறு

ஊருக்குப் போய் வந்த ஒருவரிடம் பொதி கொடுத்தனுப்பியிருக்கிறார். நெத்தலிக் கருவாடு, இரண்டு கிலோ. ஏழு பையில் சுற்றியும் லிஃப்டில் இருந்த எல்லாரும் எங்களைப் பார்த்தார்கள். அம்மா மூக்கைச் சேலைத் தலைப்பால் பொத்திக்கொண்டு, அந்தாளுக்கு என்ன பிடிச்சதென்று கேட்டார். எனக்கு எப்படித் தெரியும்.

எறிய மனம் வரவில்லை, உணவை வீணாக்குவது பாவம். நானே பொரித்து நானே சாப்பிடுகிறேன். தியாகம்.

மார்ச் 19, புதன்

இன்றும் தியாகம். இரண்டு தரம்.

மார்ச் 22, சனி

போன வாரம் குளிர்கால மலிவு விற்பனையில் அம்மா ஆண்களுக்கான பனிச் சப்பாத்து ஒரு சோடி வாங்கி வந்தார். ஒன்பதாம் நம்பர். இன்னும் விசாவே வரவில்லை, அதற்குள் சப்பாத்தா என்றேன். அடுத்த பனிக்கு வந்துவிடுவார்தானே என்றார். கதவடியில் வைத்தார். இரண்டு நாள் பார்த்துவிட்டு அலமாரிக்குள் வைத்தார். பிறகு மறுபடி கதவடிக்கு எடுத்து வந்தார்.

ஏப்ரல் 1, செவ்வாய்

வெற்றி ஆறு. அம்மாவின் பிறந்தநாள் ஏப்ரல் முதலாம் திகதி என்று போன வாரம் சொல்லி வைத்திருந்தேன் (உண்மையில் கார்த்திகை). இன்று ஏழு மணிக்குப் போனை எடுத்தால் மனுஷன் முழுப்பாட்டும் பாடுகிறார். பின்னால் ஒரு பஸ் கோர்ன் அடிக்கிறது. அம்மாவுக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு சிரித்தார். சமையலறைச் சிங்கைப் பிடித்துக்கொண்டு, கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார்.

ஏமாந்தவர் அவர். சிரித்தவர் அம்மா. புகழ் எனக்கு.

ஏப்ரல் 11, வெள்ளி

கடிதம் வந்துவிட்டது.

அம்மாவின் பக்க விண்ணப்ப ஃபோம்களை நிரப்பித் தந்த அங்கிள் வந்து வாசித்துச் சொன்னார். திருமணம் உண்மையானதா என்று அதிகாரிக்குச் சந்தேகம். கல்யாணத்துக்கு வந்தவர்கள் குறைவு, வரவேற்பு இல்லை, படங்கள் ஏழே ஏழு. மே 6ஆம் திகதி கொழும்பில் அவருக்கு நேர்முகம். கூடுதல் ஆதாரம் கொண்டுவர வேண்டும்.

அங்கிள் படங்களை மேசையில் பரப்பிவிட்டு என்னைப் பார்த்தார். "தம்பி, ஒரு படத்திலயாவது மனிச முகத்தோட நிண்டிருக்கலாமே. மகன் ஒட்டாத கலியாணம் எண்டு நினைக்க மாட்டினமே?"

வாழைப்பழப் படம் மேலே கிடந்தது.

அவர் போன பிறகு, இது சரிவராவிட்டால் என்ன செய்வது என்று கேட்டேன். அம்மா படங்களை அடுக்கினார்.

"வேறை ஆரையும் பாத்துக் கட்டச் சொல்லிப்போடுவன். நாப்பத்தாறு வயசு மனிசனை இன்னும் அஞ்சு வருசம் காத்து நிக்க வைக்கிறது பாவம்."

"உங்களுக்கு?"

"எனக்கென்ன, வேலை இருக்கு."

ஏப்ரல் 12, சனி

ஏழு மணிக்கு அழைத்தார். வீமன் சுகமோ என்று கேட்டார். நான் சிரிக்கவில்லை.

ஏப்ரல் 27, ஞாயிறு

நேர்முகத்தில் என்ன கேட்பார்கள் என்று இணையத்தில் தேடினேன். தேடியிருக்கக் கூடாது.

உங்கள் மனைவிக்குப் பிடித்த உணவு எது? மனைவியின் பிறந்த திகதி? வீட்டில் வளர்ப்புப் பிராணிகள் உண்டா?

அதிகாரி அம்மாவுக்கும் போன் எடுத்து அதே கேள்விகளைக் கேட்கலாமாம். பதில்கள் பொருந்த வேண்டுமாம்.

கருவாடு. ஏப்ரல் ஒன்று. வீமன்.

மே 3, சனி

சொல்லிவிடுவதென்று முடிவெடுத்து நானே அழைத்தேன். அவர் கொழும்பு பஸ்ஸில் இருந்தார், மூன்று நாள் முன்னதாகவே போகிறாராம், பிந்தக் கூடாதென்று. வன்னிக்குள் சிக்னல் வெட்டி வெட்டி வந்தது. ஒரு விஷயம் சொல்ல வேணும் என்றேன். கேக்கேல்லைத் தம்பி என்றார். நாய் இல்லை என்று கத்தினேன். வீமனுக்கு என்ன, வருத்தமோ என்று கேட்டார். லைன் அறுந்தது.

பிறகு எத்தனை தரம் எடுத்தும் பதில் இல்லை. உண்மையைச் சொன்னால், மறுபடி ஒரே ஒரு தரம்தான் எடுத்தேன். எடுத்துவிடுவாரோ என்று பயமாக இருந்தது.

மே 4, ஞாயிறு

அம்மாவிடம் சொன்னேன். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார், ஆகவே கண்ணீருக்கு நான்தான் காரணமென்று நிரூபிக்க முடியாது. மொழிபெயர்ப்பாளர், நாய், கருவாடு, பனி, மணிக்கூடு, பிறந்தநாள், ஆறையும் வரிசையாகச் சொன்னேன். ஏச்சு விழுமென்று தோளைச் சுருக்கிக்கொண்டு நின்றேன்.

அம்மா அடுத்த வெங்காயத்தை எடுத்தார்.

"டேய், அந்தாள் இருபத்திரண்டு வருசமா பஸ்காரர் சொல்லுற பொய்யைக் கேட்டு எழுதுற மனிசன்."

இது ஆறுதலா, குற்றப்பத்திரிகையா? விளங்கவில்லை. அம்மா அவருக்குத் தகவல் அனுப்புவார் என்று நினைத்தேன். அனுப்பியதாகத் தெரியவில்லை.

மே 5, திங்கள்

நாளை விடிய நாங்கள் நித்திரையில் இருக்கும்போதே நேர்முகம் முடிந்துவிடும். சப்பாத்துகளைத் துடைத்து வைத்தேன். தூசி.

மே 6, செவ்வாய்

7.00. போன் அடிக்கவில்லை.

7.05. இல்லை.

7.10. அம்மா வேலைக்கு வெளிக்கிட வேண்டும். கோட்டைப் போட்டுக்கொண்டு கதிரையில் இருக்கிறார்.

7.14. அடித்தது.

அலுவலகத்துக்குள் போன் கொண்டுபோக விடவில்லையாம், வாசலில் இருந்த கடையில் கொடுத்திருக்கிறார். வெளியே வந்த சந்தோஷத்தில் அதை மறந்து பஸ் நிலையம்வரை நடந்துவிட்டாராம். இருபத்திரண்டு வருடத்தில் முதல் தாமதம், பதினான்கு நிமிடம், மன்னிக்கவும் என்றார்.

அம்மா போனைச் சத்தமாக வைத்தார். அதிகாரி ஒரு பெண்மணியாம், மரியாதையாகக் கதைத்தாவாம். மனைவிக்கு என்ன சாப்பாடு பிடிக்குமென்று கேட்டிருக்கிறா.

நான் சுவரைப் பிடித்தேன்.

"புட்டும் முட்டைப் பொரியலும் எண்டன். கருவாட்டு மணமே ஆகாது எண்டும் சொன்னன்."

பிறந்த திகதி? கார்த்திகை, சரியாகச் சொல்லியிருக்கிறார். பிராணி? இல்லை, அந்தக் கட்டடத்தில் நாய் விட மாட்டார்கள் என்றிருக்கிறார்.

அம்மாவைப் பார்த்தேன். நான் ஒண்டும் சொல்லேல்லை என்று தலையாட்டினார்.

கடைசியாக அதிகாரி, மகன் உங்களை ஏற்றுக்கொண்டாரா, படத்தில் அப்படித் தெரியவில்லையே என்று கேட்டாவாம். அதற்கு அவர் பையிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்துக் கொடுத்தாராம். மொழிபெயர்ப்பாளர் (உண்மையானவர்) இரண்டு பக்கம் வாசித்துக் காட்ட, அதிகாரி கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தாவாம். இதையெல்லாம் ஸ்கான் செய்து, மொழிபெயர்ப்போடு அனுப்பச் சொல்லியிருக்கிறா.

என்ன புத்தகம் என்றேன்.

"சும்மா ஒரு பதிவுதான் தம்பி. வேலைப் பழக்கம்."

மே 9, வெள்ளி

ஸ்கான் வந்தது. நூற்றுப் பன்னிரண்டு பக்கம். மொழிபெயர்ப்பவரிடம் கொடுக்கமுதல் திகதிப்படி அடுக்கச் சொல்லி அம்மா என்னிடம் தந்துவிட்டு வேலைக்குப் போய்விட்டார்.

பஸ் புத்தகம் மாதிரியே கோடு போட்டிருக்கிறார். திகதி, அவர்கள் ஊர் நேரம், பேசியவர், விடயம். அப்படியே சிலதைப் பிரதி செய்கிறேன் (வதனி என்றால் அம்மா). ஏன் என்று கேட்க வேண்டாம்.

"பெப். 8. மாலை 6.10. கனடா அலுவலக மொழிபெயர்ப்பாளர் என ஒருவர். குரல் தம்பியுடையது. பின்னால் மிதுலா சிரிக்கும் சத்தம். எழும்பி நின்று பதில் சொன்னேன். நேர்முகத்துக்கு நல்ல பயிற்சி."

"பெப். 11. வீமன் என்ற நாய் இல்லை, மிதுலா சொன்னாள். கேட்டால் தம்பி சிரிக்கிறான். ஆகவே தினமும் கேட்கவும்."

"பெப். 22. வதனிக்குக் கருவாடு ஆகாது. தம்பிக்குத்தான் ஆசை போல. கேட்க வெட்கப்படுகிறான். இரண்டு கிலோ எடுக்கவும்."

"பெப். 28. மணல் தள்ளினேன். மீன்காரர் சிறில் அண்ணை சிரித்தார். பரவாயில்லை."

"மார்ச் 9. மணிக்கூடு முன்னுக்குப் போகும் நாள். பின்னுக்கு என்றான் தம்பி. ஞாயிற்றுக்கிழமைதானே, வதனி இரண்டு மணித்தியாலம் கூடப் படுக்கட்டும்."

"ஏப். 1. பாடினேன். பிறந்தநாள் இல்லை (விண்ணப்பத்தில் அவளின் பிறந்த திகதியைப் பதினொரு இடத்தில் எழுதியவன் நான்). வதனி சிரித்தாள். 4 நிமிடம்."

கடைசியில் ஒடுக்கமாக இன்னொரு நிரல் இருந்தது. தலைப்பு: அழைத்த விதம். மிதுலாவுக்கு நேரே எல்லா நாளும் "சித்தப்பா". எனக்கு நேரே ஹலோ, ஹலோ, ஹலோ. நூற்றுப் பன்னிரண்டு பக்கமும் ஹலோ. எங்கும் ஒரு குறை வார்த்தை எழுதவில்லை. பிந்திய பஸ்ஸுக்கு எழுதுவது போல, ஒரு இடத்தில் மட்டும் அடைப்புக்குள்: "வரும்."

மே 10, சனி

இன்று எழுத ஒன்றுமில்லை. கருவாடு முடிந்துவிட்டது.

ஜூலை 18, வெள்ளி

அனுமதி கிடைத்துவிட்டது. கடவுச்சீட்டை அனுப்பச் சொல்லி அவருக்கு மின்னஞ்சல் வந்திருக்கிறது. அம்மா அதை நான்கு தரம் வாசிக்கச் சொன்னார், பிறகு சமையலறைக்குப் போய் மூன்று பேருக்கு ஐந்து பேரின் புட்டு அவித்தார். ஆவணிக் கடைசியில் விமானம். பனிச் சப்பாத்துக்கு இன்னும் நேரமிருக்கிறது, என்றாலும் கதவடியிலேயே நிற்கட்டும் என்று நானும் சொன்னேன்.

ஜூலை 19, சனி

இன்று காலை ஆறரைக்கே எழும்பினேன். சமையலறையில் யாரும் இல்லை. புது டோஸ்டருக்கு முன்னால் நின்று அந்தச் சொல்லை நான்கு தரம் சொல்லிப் பார்த்தேன். பளபளப்பில் என் முகம் மாறுகண்ணாகத் தெரிந்தது. வேண்டுமென்று செய்யவில்லை.

ஏழு மணிக்கு அடித்தது. அம்மா எடுக்கமுதல் நான் எடுத்தேன். மூக்கைப் பிடித்துக்கொண்டு மொழிபெயர்ப்பாளர் குரலில் தொடங்கினேன், அனுமதிக்கு வாழ்த்துகள், கடைசியாக ஒரு கேள்வி. ஓம் சேர் என்றார். கதிரைச் சத்தமும் கேட்டது. அதற்குப் பிறகு கேள்வி வரவில்லை. மூக்கை விட்டுவிட்டேன்.

"சித்தப்பா, வரேக்க நெத்தலி கொண்டு வாங்கோ. எனக்குத்தான்."

அந்தப் பக்கம் ஒரு பஸ் இரைந்து போனது.

"தம்பி, அங்க இப்ப நேரம் என்ன?"

"ஏழு மூண்டு."

"ஒருக்காப் பொறுங்கோ. எழுதிப்போட்டு வாறன்."

ஆகவே இந்தப் புத்தகத்தை வாசிப்பவர்களுக்கு (மிதுலா, நீ தமிழ் படித்துவிட்டால் உனக்கும்) ஒரு திருத்தம். மேலே உள்ள ஆறு வெற்றிகளையும் வெட்டிவிடவும். ஏமாந்தவர் தொகை ஒன்று, பெயர் துவாரகன், வயது பதினைந்து. கருவாடு தியாகமும் இல்லை.

சித்தப்பா என்றது பகிடிக்கு என்று எழுதத்தான் பேனையை எடுத்தேன். ஆனால் அங்கே ஒருவர் நேரத்தோடு எழுதி வைத்திருப்பார். பொய் எழுதிப் பிரயோசனமில்லை.